அழகிப் போட்டி: மகுடம் கிடைக்காத பெண் எதைக் கொண்டு வீடு திரும்புகிறாள்?

முல்லைத்தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 19 வயது; கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற வாரம் ஓர் அழகிப் போட்டியின் அறிவிப்பை என்னிடம் காட்டி, விண்ணப்பிக்கட்டுமா என்று கேட்டாள். அவளுடைய அப்பா வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. சரி என்று சொல்லவும் துணிவு வரவில்லை. விண்ணப்பிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

மகுடம் சூடியவர்களின் கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். விளம்பரம், திரைப்படம், வெளிநாட்டுப் பயணம் என்று அவர்களைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். என் கேள்வி அவர்களைப் பற்றியது அன்று. மேடையேறும் ஐம்பது பேரில் ஒருத்திக்குத்தான் பட்டம் என்றால், மற்ற நாற்பத்தொன்பது பேர் வீடு திரும்பும்போது எதைக் கொண்டு திரும்புகிறார்கள்? தன்னம்பிக்கை வளரும் என்று அறிவிப்பில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அனுபவப்பட்டவர்கள் யாராவது பிரித்துச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதினேழாம் எண்

அம்மா, உங்கள் கேள்வி சரியான கேள்வி. நான் அந்த நாற்பத்தொன்பது பேரில் ஒருத்தி. 21 வயதில் போட்டியிட்டேன். இறுதிப் பத்துப் பேரின் பெயர்களை வாசித்தபோது என் பெயர் வரவில்லை. இடுப்பில் குத்தியிருந்த வட்ட அட்டையில் 17 என்று எழுதியிருந்தது. இங்கே என் பெயராக வைத்திருப்பதும் அதைத்தான்.

நான் பெற்றவற்றுள் பெரியது பேச்சு. பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியிருந்ததால் எனக்குப் பேச வரும் என்றே நம்பியிருந்தேன். ஆனால் அவற்றில் எல்லாம் யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன் என்பது, கேள்வி-பதில் சுற்றுக்குப் பயிற்சி தொடங்கிய முதல் நாளே தெரிந்துவிட்டது. பயிற்சியளித்த அக்கா ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, கைபேசியில் பதிவைத் தொடங்கி, முப்பது விநாடியில் பதில் சொல்லச் சொன்னார். பிறகு அதைப் போட்டுக் காட்டினார். அந்த முப்பது விநாடிக்குள் "வந்து" என்ற சொல்லை ஒன்பது முறை சொல்லியிருந்தேன். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் என் குரல் தாழ்ந்து, நான் சொன்னதை நானே திரும்ப வாங்கிக்கொள்வதுபோல் ஒலித்தது. ஆறு வாரம் தினமும் பத்துக் கேள்விகள் என்று பழகினோம். கேள்வி முடிந்ததும் உடனே வாயைத் திறக்காமல் ஒரு மூச்சு எடுத்துக்கொள்வது, முதல் வாக்கியத்திலேயே என் கருத்தைச் சொல்லிவிடுவது, தெரியாததைத் தெரிந்ததுபோல் நீட்டாமல் தெரிந்த அளவோடு நிறுத்துவது ஆகிய மூன்றும் அங்கே படிந்தவை. ஓராண்டு கழித்து வேலைக்கான நேர்காணலில் ஐந்து பேர் எதிரே அமர்ந்திருந்தார்கள். என் குரல் தாழவில்லை.

இன்னொன்றைச் சொல்லவேண்டும். மேடைக்குப் பின்னால் இருக்கும் ஒப்பனை அறையில் பொறாமையும் சூழ்ச்சியும் நிறைந்திருக்கும் என்று எனக்கும் சொல்லியிருந்தார்கள். நான் கண்டது வேறு. மாலை உடைச் சுற்றுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது 22ஆம் எண் பெண்ணின் கவுனில் முதுகு ஜிப் பாதியிலேயே பிய்ந்துகொண்டது. அவள் அழத் தொடங்குவதற்குள் மூன்று பேர் அவளைச் சூழ்ந்துவிட்டார்கள். ஒருத்தி தன் உடையிலிருந்த ஊக்குகளைக் கழற்றிக் கொடுத்தாள்; ஒருத்தி அவளை மூச்சை உள்ளிழுத்து நிற்கச் சொல்லித் துணியின் இரு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்தாள்; நான் ஊக்குகளைக் குத்தினேன், மொத்தம் ஏழு. அவள் அன்று முதல் மூவரில் ஒருத்தியாக வந்தாள். நாங்கள் நால்வரும் இன்றுவரை தொடர்பில் இருக்கிறோம்.

தோற்றதைப் பற்றியும் சொல்கிறேன். பெயர்கள் வாசிக்கப்பட்டு முடிந்த பிறகும் மேடையில் நின்று, வென்றவர்களுக்குக் கைதட்டவேண்டும். அந்தச் சில நிமிடங்கள் நீண்டவை. கைதட்டத் தொடங்கியபோது அது வெறும் கடமை. தட்டி முடிப்பதற்குள், என்னைவிட நன்றாகப் பதில் சொன்னவர்கள் அங்கே நிற்கிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு என் தோல்விகள் எல்லாம் மதிப்பெண் பட்டியலில், நான் மட்டும் பார்க்கும் தாளில் நடந்தவை. பலர் பார்க்கத் தோற்று, மறுநாள் காலை எழுந்து வகுப்புக்குப் போவதை நான் கற்றது அந்த மேடையில்தான்.

தெளிவுதேடி

பதினேழாம் எண் மனம்விட்டு எழுதியிருக்கிறார். அவருடைய அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் பட்டியலிட்டவற்றில் அழகு எங்கே இருக்கிறது? தயக்கமின்றிப் பேசுதல், தோழமை, தோல்வியைத் தாங்குதல் ஆகிய மூன்றும் நாடகக் குழுவிலும், விவாத மேடையிலும், கபடி ஆட்டக்களத்திலும் கிடைக்கும். அங்கெல்லாம் ஒரு பெண்ணின் இடுப்பளவையோ தோலின் பளபளப்பையோ யாரும் மதிப்பெண்ணாக மாற்றுவதில்லை. கிடைக்கும் நன்மை வேறெங்கும் கிடைக்கக்கூடியது. கொடுக்கும் விலையோ இங்கு மட்டும் கேட்கப்படுவது. என் எதிர்ப்பு இதுதான்.

அந்த விலை கற்பனையன்று. 1998இல் பார்பரா ஃபிரெட்ரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் சிலரை நீச்சலுடையும் சிலரை கம்பளிச் சட்டையும் அணியச் செய்து, தனியறையில் கண்ணாடி முன் நிற்கவைத்து, பிறகு கணிதத் தேர்வு ஒன்றை எழுதச் சொன்னார்கள். நீச்சலுடை அணிந்த பெண்கள் கம்பளிச் சட்டை அணிந்த பெண்களைவிடக் குறைவான மதிப்பெண் பெற்றார்கள். ஆண்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. அந்த அறையில் பார்வையாளர் ஒருவரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தன் உடலை வெளியிலிருந்து பார்க்கும் கண் ஒன்று தனக்குள்ளேயே திறந்துகொண்டதும் சிந்தனையில் ஒரு பகுதியை அது பிடுங்கிக்கொள்கிறது. ஆறு வாரம் அந்தக் கண்ணைக் கூர்மையாக்கும் பயிற்சிக்கு ஒரு பெண்ணை அனுப்பிவிட்டு, அவள் தன்னம்பிக்கையோடு திரும்புவாள் என்று எதிர்பார்ப்பது எனக்குப் புரியவில்லை.

தொடக்கத்தையும் மறக்கவேண்டாம். அமெரிக்க அழகிப் போட்டி 1921இல் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் தொடங்கியதற்குக் காரணம் பெண்களின் முன்னேற்றம் அன்று. கோடை விடுமுறை முடிந்த பிறகும் சுற்றுலாப் பயணிகளை அங்கேயே நிறுத்திவைக்கவேண்டும் என்ற வணிகர்களின் விருப்பம். முதல் பட்டம் பெற்ற மார்கரெட் கோர்மனுக்கு வயது 16.

முல்லைத்தாய்

இருவருக்கும் நன்றி. அந்த ஆய்வைப் படித்த பிறகு நான் சற்று அஞ்சுகிறேன். என் மகள் பார்த்த அறிவிப்பில் நீச்சலுடைச் சுற்று இல்லை. ஆனால் உயரம், எடை இரண்டையும் விண்ணப்பத்தில் கேட்கிறார்கள். நடுவராக இருந்தவர்கள் யாராவது இங்கே உண்டா? உண்மையில் எதற்கு மதிப்பெண் போடுகிறீர்கள்?

அவைமுகம்

உண்டு, சகோதரி. நான் மேடைப் பேச்சுப் பயிற்சி அளிப்பவன். சிறிய அளவிலான போட்டிகள் சிலவற்றில் நடுவராக அமர்ந்திருக்கிறேன். மறைக்காமல் சொல்கிறேன்: முகமும் உடலும் மதிப்பெண் பெறுகின்றன. அதை மறுப்பவர் உங்களிடம் பொய் சொல்கிறார். நான் அமர்ந்த இடங்களில் தோற்றம், நடை, உடை அணியும் நேர்த்தி ஆகியவை சேர்ந்து பாதியளவு இருக்கும். எஞ்சியது தனி நேர்காணலுக்கும் கேள்வி-பதிலுக்கும்.

ஆனால் தெளிவுதேடி அவர்களின் ஒரு கருத்தோடு உடன்பட முடியவில்லை. நாடகத்தில் கிடைப்பதும் இங்கே கிடைப்பதும் ஒன்றல்ல. நாடகத்தில் பெண் பிறர் எழுதிய வசனத்தைப் பேசுகிறாள். விவாதத்தில் அவளுக்கு ஒதுக்கப்பட்ட கட்சியைப் பேசுகிறாள். ஆட்டக்களத்தில் அணியோடு நிற்கிறாள். இங்கே, "நீ யார், உனக்கு எது முக்கியம்?" என்று கேட்கிறார்கள். பத்தொன்பது இருபது வயதுப் பெண்ணிடம் அவளுடைய சொந்தக் கருத்தை, அதுவும் மேசைக்கு எதிரே வரிசையாக அமர்ந்திருக்கும் பெரியவர்கள், பொறுமையாகக் கேட்டு, குறுக்கிடாமல் காத்திருக்கும் இடங்கள் எத்தனை? வீட்டில் கேட்பதில்லை. வகுப்பில் கேட்பதில்லை. தனி நேர்காணலுக்கு வரும் பெண்களில் பாதிப்பேர் முதல் இரண்டு நிமிடம் பிறர் சொல்லிக் கொடுத்ததையே சொல்கிறார்கள். உலக அமைதி, பெண் கல்வி, சுற்றுச்சூழல். "அது சரி, உன் வீட்டில் நீ மாற்ற விரும்பும் ஒன்றைச் சொல்" என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். ஒருமுறை ஒரு பெண் நெடுநேரம் யோசித்துவிட்டு, தன் பாட்டிக்குக் காது கேட்காததால் வீட்டில் எல்லோரும் அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள் என்றும், தான் தினமும் ஒரு தாளில் அன்றைய செய்தியை எழுதிக் காட்டுவதாகவும் சொன்னாள். அதைச் சொல்லத் தொடங்கியதும் அவள் குரல் மாறியது. தனக்குச் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்பதை அந்த நாற்காலியில் அமர்ந்தபோதுதான் அவள் அறிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். அவளுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. பிறகு அவள் காது கேளாதோருக்கான சைகை மொழி கற்கச் சேர்ந்திருப்பதாக எனக்கு எழுதினாள்.

பெரிய போட்டிகளும் இதைக் காலந்தாழ்த்தித்தான் உணர்ந்தன. உலக அழகிப் போட்டியில் 1972இல், அதை நடத்துவோரில் ஒருவரான ஜூலியா மோர்லி, சமூகப் பணியோடு இணைந்த அழகு என்ற கருத்தைக் கொண்டுவந்தார். இன்று ஒவ்வொரு போட்டியாளரும் ஒரு சேவைத் திட்டத்தோடு வரவேண்டும். 2017இல் பட்டம் வென்ற மானுஷி சில்லர் மருத்துவ மாணவியாக இருந்தபோது எடுத்துக்கொண்ட திட்டம் மாதவிடாய்க் காலத் தூய்மையைப் பற்றியது. இருபது வயதுப் பெண் ஒருத்தி அதை வெளிப்படையாகப் பேசினாள் என்பதை, அந்தச் சொல்லையே தாழ்ந்த குரலில் சொல்லிப் பழகிய நம் வீடுகளை எண்ணிப் பார்த்தால், நான் பெரிதாகவே மதிக்கிறேன். 2019இல் பிரபஞ்ச அழகியான தென்னாப்பிரிக்காவின் சோசிபினி துன்சி குட்டையாக வெட்டிய தன் இயல்பான சுருள் முடியோடு மேடையேறினார். இளம்பெண்களுக்கு எதைக் கற்பிக்கவேண்டும் என்ற கேள்விக்குத் தலைமைப் பண்பு என்று பதில் சொன்னார்.

தெளிவுதேடி

அவைமுகம் ஐயாவின் பதிவை இருமுறை படித்தேன். பாட்டிக்குத் தாளில் எழுதிக் காட்டிய பெண்ணைப் பற்றிப் படித்தபோது என் எதிர்ப்பு ஓரளவு தளர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நாற்காலி அவளுக்குக் கிடைப்பதற்கு முன் அவள் ஓர் உயர அளவுகோலைக் கடந்து வரவேண்டியிருந்தது. உயரம் குறைந்த, பருமனான, முகத்தில் தழும்புள்ள பெண்களுக்கும் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. அவர்களை யார் கேட்பது? அமெரிக்கப் போட்டியின் விதிகளில் ஒரு காலத்தில் போட்டியாளர் வெள்ளை இனத்தவராக இருக்கவேண்டும் என்றே எழுதிவைத்திருந்தார்கள். 1970இல்தான் முதன்முதலாக ஒரு கறுப்பினப் பெண் அதன் தேசிய மேடையை எட்டினார். அளவுகோல்கள் மாறுகின்றன என்பது உண்மை. ஆனால் எப்போதும் யாராவது ஒருத்தி அதற்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறாள்.

பழஞ்சுவடி

வரலாறு பேசப்படுவதால் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். அளவுகோலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அந்த மேடையைத் தமக்காகப் பயன்படுத்திக்கொண்டதும் அதே வரலாற்றில் இருக்கிறது.

1970ஆம் ஆண்டு நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் உலக அழகிப் போட்டி நடந்துகொண்டிருந்தபோது, பெண் விடுதலை இயக்கத்தினர் அரங்குக்குள்ளேயே எழுந்து முழக்கமிட்டு, மாவுப் பொட்டலங்களை வீசினார்கள். தொகுத்து வழங்கிக்கொண்டிருந்த பாப் ஹோப் மேடையை விட்டு ஓடவேண்டியதாயிற்று. அதே இரவில் பட்டம் வென்றவர் கிரெனடாவைச் சேர்ந்த ஜெனிஃபர் ஹோஸ்டன். உலக அழகியான முதல் கறுப்பினப் பெண். எதிர்ப்பாளர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு சிறு தீவிலிருந்து வந்த விமானப் பணிப்பெண், அதுவரை தன் நிறத்தை அழகென்று ஏற்காத உலகத்தின் முன் மகுடம் சூடியதிலும் நியாயம் இருந்தது. அவர் பின்னாளில் கனடாவில் தம் நாட்டின் தூதராகப் பணியாற்றினார். அந்த இரவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என்னால் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

அதற்கு நான்காண்டு முன்பு, 1966இல், உலக அழகியான முதல் இந்தியப் பெண் ரீட்டா ஃபாரியா. மருத்துவ மாணவி. ஓராண்டு பட்டத்தின் கடமைகளை முடித்ததும் திரைப்பட வாய்ப்புகளை மறுத்துவிட்டு, லண்டனில் மருத்துவப் படிப்பைத் தொடர்ந்து மருத்துவரானார். மேடையேறிய பெண் அங்கேயே தங்கிவிடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் வீட்டுக்காரரின் தயக்கம் அதைப் பற்றியதாக இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள், அம்மா.

சட்டத்துணைவி

நான் ஒப்பந்தங்களைப் படித்து விளக்குவதைத் தொழிலாகக் கொண்டவள். இந்த இழையில் எல்லோரும் மேடையைப் பற்றியே பேசுகிறார்கள். நான் தாளைப் பற்றிப் பேசவேண்டும். ஒரு பெண் போட்டியிலிருந்து எதையாவது பெறுகிறாளா, அல்லது போட்டி அவளிடமிருந்து பெறுகிறதா என்பது பெரும்பாலும் மேடையேறுவதற்கு முன்பே, அவள் கையெழுத்திடும் தாளில் முடிவாகிவிடுகிறது.

விண்ணப்பக் கட்டணம் ஒருமுறைதானா, ஒவ்வொரு சுற்றுக்கும் தனியாகவா என்று பாருங்கள். பயிற்சி, ஒப்பனை, உடை, புகைப்படம் ஆகியவற்றை அமைப்பாளர் சொல்லும் இடத்திலேயே பணம் கொடுத்து வாங்கவேண்டும் என்று இருந்தால், அவர்களுடைய உண்மையான வருமானம் அதுதான் என்று கொள்ளுங்கள். நுழைவுச் சீட்டுகளை உறவினர்களிடம் விற்றுத் தரவேண்டும் என்று சில இடங்களில் கேட்கிறார்கள். பணம் செலுத்திப் போடப்படும் இணைய வாக்குகளுக்கு மதிப்பெண் உண்டு என்றால், அங்கே நடப்பது ஏலம். ஒரு பெண் வாக்குக்காக உற்றார் உறவினரிடம் கைநீட்டியதைத் தவிர அந்தப் போட்டியிலிருந்து வேறெதையும் கற்கவில்லை என்று என்னிடம் வந்து அழுதிருக்கிறாள்.

அதைவிட முக்கியமானது, படங்களின் உரிமை. "எல்லா ஊடகங்களிலும், காலவரையறையின்றி" என்ற சொற்கள் இருந்தால் கையெழுத்திடாதீர்கள். வென்றாலும் தோற்றாலும் அவளுடைய தொழில் வாய்ப்புகளை அவர்கள் மூலமாகவே பெறவேண்டும் என்ற பிரிவு இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

உதவித்தொகையைப் பற்றியும் ஒரு சொல். போட்டியில் கிடைக்கும் கல்வி உதவி உண்மையாகவே பலரைப் படிக்கவைத்திருக்கிறது. 1945இல் அமெரிக்க அழகியான பெஸ் மையர்சனுக்கு 5000 டாலர் கல்வி உதவியாகக் கிடைத்தது. அந்தப் போட்டி உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியதே அவரில்தான். ஆனால் பிற்காலத்தில் ஆண்டுக்கு 4.5 கோடி டாலர் வழங்குவதாக அந்த அமைப்பு சொல்லிவந்ததை, 2014இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியினர் வரிக் கணக்குகளை எடுத்துவைத்து ஆராய்ந்தபோது, உண்மையில் கைமாறிய தொகை மிகவும் குறைவு என்று தெரிந்தது. ஒரு மாணவி ஒரு கல்லூரியில்தான் சேரமுடியும் என்றாலும், அவளுக்கு இடம்தரக்கூடிய இடங்கள் எல்லாவற்றின் தொகையையும் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். ஆகையால், "உதவித்தொகை உண்டு" என்றால், சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு, எவ்வளவு, எந்தக் கணக்கில் செலுத்தினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

மூடியகண்ணாடி

நான் எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

நானும் போட்டியிட்டவள்தான். பதினேழாம் எண் அக்கா பெற்றது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பயிற்சி முகாமில் தினமும் காலையில் வரிசையாக நிற்கவைத்து எடை பார்த்து, எண்ணை உரக்கப் படிப்பார்கள். என் எண் படிக்கப்பட்டபோது பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பெண்ணின் எண் குறைவாக இருந்ததும் அவளைத் தட்டிக்கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. அன்று முதல் இரவு உணவை நிறுத்தினேன். பிறகு காலை உணவையும். போட்டி முடிந்த பிறகும் என்னால் நிறுத்தமுடியவில்லை. மருத்துவரின் உதவியோடு இயல்பாகச் சாப்பிடத் திரும்புவதற்கு இரண்டு ஆண்டு ஆயிற்று.

வென்றவர்களுக்கும் இது நேர்கிறது. 2021இல் பிரபஞ்ச அழகியான ஹர்னாஸ் சந்து சற்று எடை கூடியதும் இணையத்தில் அவரைக் கேலி செய்தார்கள். தமக்குக் கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோய் இருப்பதை அவர் வெளிப்படையாகச் சொல்லவேண்டியதாயிற்று. மகுடம் சூடிய பெண்ணுக்கே அந்த நிலை.

அம்மா, உங்கள் மகளைத் தடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் இப்போது எப்படிச் சாப்பிடுகிறாள், கண்ணாடி முன் நிற்கும்போது என்ன சொல்லிக்கொள்கிறாள் என்று மட்டும் பாருங்கள். தன்னைப் பிடிக்கவில்லை என்பதால் போட்டிக்குப் போகிற பெண்ணுக்கு அந்த இடம் ஆகாது. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

பதினேழாம் எண்

தங்கையே, நீ எழுதியதற்கு நன்றி. என் முதல் பதிவை மீண்டும் படித்துப் பார்த்தேன். என் அதிர்ஷ்டத்தை எல்லாப் போட்டிகளின் இயல்பாகவே எழுதிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. எனக்குப் பயிற்சியளித்தவர் எடைக்கருவியை அறைக்குள்ளேயே விடவில்லை. யாராவது உணவைத் தவிர்த்தால் அன்றைய பயிற்சியில் சேர்க்கமாட்டார். நான் நன்றாகத் திரும்பிவந்ததற்கு அந்த ஒரு பெண்மணியே காரணம். அவருடைய இடத்தில் உன் பயிற்சியாளர் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியாது.

ஆகையால், அம்மா, நான் முன்பு சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். போட்டி நல்லதா என்று கேட்காதீர்கள். அந்தப் பயிற்சி அறையில் யார் நிற்கிறார், பெண்களிடம் என்ன மொழியில் பேசுகிறார் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு நாள் போய் ஓரமாக அமர்ந்து பாருங்கள். பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்றால், அந்தப் பதிலே போதும், திரும்பிவிடுங்கள். சென்ற ஆண்டு கலந்துகொண்டு தோற்ற இரண்டு பெண்களின் தொலைபேசி எண்களைக் கேட்டுவாங்கிப் பேசுங்கள். வென்றவளிடம் பேசுவதால் பயனில்லை.

உடைச் செலவைப் பற்றி அஞ்சவேண்டாம் என்றும் சொல்வேன். 1994இல் பிரபஞ்ச அழகியான சுஷ்மிதா சென், அதற்கு முன் இந்திய அழகிப் போட்டிக்கு அணிந்த கவுனைச் சாதாரணத் தையல்காரர் ஒருவரிடம் தைத்ததாகவும், கையுறைகளைப் புதிய காலுறைகளை வெட்டிச் செய்துகொண்டதாகவும் தாமே சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 18.

தெளிவுதேடி

மூடியகண்ணாடி எழுதியது நான் எடுத்துக்காட்டிய ஆய்வைவிடக் கனமானது. நான் போட்டிகளை இன்னும் ஏற்கவில்லை. ஆனால் முல்லைத்தாய் அவர்களின் மகள் போவதென்று முடிவு செய்தால், பதினேழாம் எண் சொன்ன வழியில் போகட்டும். இன்னொன்றும் சொல்வேன்: 2024 முதல் பிரபஞ்ச அழகிப் போட்டியில் வயதின் மேல்வரம்பையே எடுத்துவிட்டார்கள், அதற்கு முந்தைய ஆண்டே மணமானவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வழிவிட்டார்கள். இந்த ஆண்டே போகாவிட்டால் காலம் கடந்துவிடும் என்று யாராவது அவசரப்படுத்தினால் அதற்குச் செவிசாய்க்கவேண்டாம். படிப்பை முடித்துவிட்டும் போகலாம்.

முல்லைத்தாய்

எல்லோருக்கும் என் நன்றி. இந்த இழை முழுவதையும் மகளோடு அமர்ந்து படித்தேன். மூடியகண்ணாடியின் பதிவை அவள் உரக்கப் படிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டாள். பிறகு, தான் ஏன் போக விரும்புகிறாள் என்று நான் கேட்காமலேயே சொன்னாள். வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் கை உயர்த்துவதில்லையாம். இரண்டு ஆண்டாக அப்படியே இருக்கிறாளாம். எனக்கு இது தெரியாது. வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை.

அவளுடைய அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். முதலில் நாற்பது பேர் இருக்கும் அந்த வகுப்பில் இவள் கை உயர்த்தட்டும், பிறகு மேடையைப் பார்க்கலாம் என்றார். அவள் அதற்குக் கோபப்படவில்லை. இரண்டையும் செய்கிறேன் என்றாள்.

அமைப்பாளர்களுக்கு நேற்று மின்னஞ்சல் எழுதினோம். எடை ஏன் கேட்கப்படுகிறது, பயிற்சியின்போது பெற்றோர் உடனிருக்கலாமா, படங்களின் உரிமை எவ்வளவு காலம், சென்ற ஆண்டு உதவித்தொகை யாருக்குச் செலுத்தப்பட்டது, தோற்ற போட்டியாளர் இருவரோடு பேசமுடியுமா என்று ஐந்து கேள்விகள். கடிதத்தை அவளே எழுதினாள். நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். இன்று காலை பதில் வந்திருக்கிறது. பெற்றோர் வரலாம் என்கிறார்கள். எடையை எழுதாமல் விடலாம் என்கிறார்கள். இரண்டு பெண்களின் எண்களையும், அவர்களிடம் அனுமதி பெற்றதாகச் சொல்லி, அனுப்பியிருக்கிறார்கள். படங்களின் உரிமையைப் பற்றியும் உதவித்தொகையைப் பற்றியும் ஒரு சொல்கூட இல்லை.

சட்டத்துணைவி அவர்களே, அந்த இரண்டையும் மீண்டும் கேட்டு எழுதியிருக்கிறோம். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை அனுப்பினால், அமைப்பின் பெயரை மறைத்துவிட்டு உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பலாமா?

சட்டத்துணைவி

அனுப்புங்கள், அம்மா. கடைசிப் பக்கம் மட்டும் போதாது, முழுவதையும் அனுப்புங்கள். மகளும் உடனிருக்கும் நேரமாகச் சொன்னால், அவளிடமே ஒவ்வொரு பிரிவாகப் படித்து விளக்குகிறேன்.